கறிவூர்ஸ்ற்றும் சமபந்தியும்

பேர்லின் நகரத்தின் பல்கலாசாரப் பெருமை பேசப்படும் இடங்களில் எல்லாம் முதலில் வந்து நிற்பது சாப்பாடுதான். துருக்கிய டோனர், வியட்நாமிய நூடில்ஸ் சூப், அரபு பலாபெல், இத்தாலியப் பீட்சா என்று பட்டியல் நீள்கிறது. 1996 இல் கிறொய்ஸ்பேர்க்கில் தொடங்கிய கலாசாரங்களின் கார்னிவலிலும் உணவுக் கடைகளின் முன்னால் கூட்டத்துக்குக் குறைவில்லை. இத்தனை நாட்டவரின் உணவை விரும்பி உண்ணும் நகரம் இத்தனை நாட்டவரையும் ஏற்றுக்கொண்ட நகரம்தான் என்பது இப்பேச்சின் உள்ளர்த்தம். இதை நாம் அப்படியே விழுங்கிவிட முடியாது.

கறிவூர்ஸ்ற்றை எடுத்துக்கொள்வோம். 1949 செப்டெம்பர் 4 ஆம் திகதி, போரில் இடிந்து கிடந்த பேர்லினின் சார்லொட்டன்பூர்க் பகுதியில், ஹேர்ற்றா ஹொய்வர் என்ற பெண் தன் சிறு கடையில் பொரித்த வூர்ஸ்ற்றின் மேல் தக்காளியும் கறித்தூளும் கலந்த குழம்பை ஊற்றிக் கொடுத்தார் என்பது நகரம் சொல்லும் வரலாறு. கடை இருந்த இடத்தில் நினைவுப் பலகையும் உண்டு. 'கறி' என்ற எங்கள் சொல் ஆங்கிலேயர் கையில் ஒரு தூளாக மாறி, தமிழ் அகதிகள் வருவதற்கு மூன்று தசாப்தங்களுக்கு முன்பே இங்கு வந்து குடியேறிவிட்டது. அதற்கு விசா தேவைப்படவில்லை. கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி மேற்குக்குள் நுழைந்த தமிழருக்கோ, அந்தப் பாதை 1985 இல் அடைக்கப்பட்டது.

டோனரின் கதை இன்னும் கசப்பானது. 1961 ஒக்டோபர் 30 இல் மேற்கு ஜேர்மனி துருக்கியுடன் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டது. துருக்கியிலிருந்து வந்தவர்களில் ஒருவரான காதிர் நூர்மான், 1972 இல் மேற்கு பேர்லினின் சூ புகையிரத நிலையத்தருகே இறைச்சியைப் பாணுக்குள் வைத்து விற்றார் என்பர். இவ்வுரிமையைக் கோருவோர் வேறு சிலரும் உண்டு. அவசரத்தில் நடப்பவர் கையில் கொண்டுபோகக்கூடிய உணவு அது. விரைவிலேயே அது பேர்லினின் உணவாகிவிட்டது. ஆனால் அதை விற்றவரின் பிள்ளை இந்த மண்ணில் பிறந்ததாலேயே ஜேர்மன் பிரஜையாகும் வாய்ப்பு 2000 ஜனவரியில்தான் சட்டமானது.

அதே 2000 இலிருந்து 2006 வரை நவநாசிக் கும்பலொன்று துருக்கியப் பின்னணி கொண்ட 8 பேரையும் ஒரு கிரேக்கரையும் சுட்டுக் கொன்றது. இவர்களில் பூ விற்றவர், தையற்காரர், மரக்கறிக் கடைக்காரர் எல்லாம் இருந்தனர். டோனர் கடையில் நின்றவர்கள் இருவரே. பத்திரிகைகளோ 'டோனர் கொலைகள்' என்று எழுதின. பொலிஸ் வருடக்கணக்காக இறந்தவர்களின் குடும்பங்களைச் சந்தேகித்தது. 2011 இல் உண்மை வெளிவந்த பிறகு, அந்தச் சொல்லே அவ்வருடத்தின் மிக மோசமான சொல்லாகத் தெரிவு செய்யப்பட்டது. உணவைக் கொண்டாடிய அதே வாய், மனிதரை உணவின் பெயரால் அழைத்து அவரது மரணத்தையும் சிறுமைப்படுத்தியது.

எம்மவர் இந்நகரத்தின் உணவுகளை எந்த வாசலால் அறிந்தார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டியது. பலர் அறிந்தது ரெஸ்ரோறன்ற்றின் பின்கதவால். கோப்பை கழுவியும், உருளைக்கிழங்கு சீவியும், பிறகு பீட்சா போடப் பழகியும் இத்தாலியச் சமையலைக் கற்றார்கள். முன்மேசையில் அமர்ந்து உண்டவர்கள் குறைவு. 1993 இன் சட்டத்துக்குப் பின் பல இடங்களில் அகதிக்குக் காசுக்குப் பதில் உணவுப் பொதி வந்தது. எதைச் சமைப்பது என்று தீர்மானிக்கும் உரிமைகூட அதிகாரியின் கையில் இருந்தது.

இவ்வளவும் அவர்களைப் பற்றியது. நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

"வெள்ளைக்காரருக்கு விருந்தோம்பத் தெரியாது" என்பது எங்கள் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வசனம். நான்கு மணிக்குக் கூப்பிட்டுக் கோப்பியும் கேக்கும் மட்டும் தருகிறார்கள், இரவில் குளிர்ந்த பாணும் சீஸும் தின்கிறார்கள், கடையில் நண்பர்களே தனித்தனியாகப் பில் கட்டுகிறார்கள் என்று சிரிக்கிறோம். பகலில் தொழிற்சாலைக் கன்ரீனில் சூடான சாப்பாடு உண்டவருக்கு இரவில் பாண் போதுமாயிருந்தது என்பதை நாம் விசாரிப்பதில்லை. "இன்னும் வேண்டுமா?" என்று அவர் ஒருமுறை கேட்பார். வேண்டாம் என்றால் அந்தச் சொல்லை மதித்து விட்டுவிடுவார். மூன்று முறை வற்புறுத்துவதை அன்பென்று பழகிய நமக்கு அது அலட்சியமாகப் படுகிறது. இங்கே குறைவது இரக்கமல்ல, மொழிபெயர்ப்பு.

ஆனால் எங்கள் விருந்தோம்பலின் வரலாறு என்ன? யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிப் பேணியும் தனிப் போத்தலும் வைத்திருந்தவர்கள் நாம். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் அது மாறவில்லை. 1960களில் மக்கள் போராடித்தான் கடைகளுக்குள் நுழைய வேண்டியிருந்தது. அந்தப் பேணி விமானம் ஏறவில்லை என்று துணிந்து சொல்ல முடியுமா? இங்கேயும் சாப்பாட்டுக்கு அழைப்பதற்கு முன் "ஊரில எந்தப் பக்கம்?" என்று விசாரிக்கும் வீடுகள் உண்டு. சாமத்தியச் சடங்கு மண்டபத்தில் ரோல்ஸும் கட்லற்றும் நூற்றுக்கணக்கில் பரிமாறப்படுகின்றன. பக்கத்து வீட்டுத் துருக்கியப் பெண்ணை அங்கே காண்பது அரிது. அடுப்படியில் விடிய விடிய நின்ற பெண்கள் கடைசிப் பந்தியில் உண்கிறார்கள்.

ஒரு நகரத்தில் எத்தனை நாட்டுக் கடைகள் உள்ளன என்று எண்ணுவது எளிது. யார் சமைக்கிறார், யார் கழுவுகிறார், யார் யாருடன் ஒரே மேசையில் அமர்கிறார் என்று எண்ணுவதே கடினம். பேர்லினை இந்த அளவுகோலால் அளக்கும் உரிமை நமக்கு உண்டு. அதே அளவுகோலை எங்கள் மண்டபங்களின் வாசலிலும் வைத்தால்தான் அந்த உரிமைக்கு மதிப்பிருக்கும். அடுத்த கொண்டாட்டத்தின் அழைப்புப் பட்டியலை எழுதும்போதே இதைத் தொடங்கலாம்.