கரும்புள்ளிக்குப் பெயர் சூட்டும் அவசரம்

இரிடியம் படிகத்தின்மேல் ஓரணுத் தடிமனில் இரும்பு, அதன்மேல் ஓரணுத் தடிமனில் பலேடியம். இந்தப் படலத்தில், வருடு டனலிங் நுண்ணோக்கியின் ஊசிமுனையிலிருந்து மின்னோட்டம் செலுத்தி, சில நானோமீட்டர் அகலமே உள்ள ஸ்கைர்மியான்கள் எனும் காந்தச் சுழல்களை ஒவ்வொன்றாக எழுதியும் அழித்தும் காட்டினர் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் வீசன்டாங்கர் குழுவினர். ஆண்டு 2013. இவற்றில் தரவைச் சேமிக்கும் நினைவகக் கனவுகள் அதன்பின் பெருகின. படத்தில் வட்டமாகத் தெரியும் கரும்புள்ளிக்கெல்லாம் ஸ்கைர்மியான் என்று பெயர் சூட்டும் ஆசையும் கூடவே வளர்ந்தது.

வட்ட வடிவம் மட்டும் போதாது. நடுவிலுள்ள ஸ்பின் (அணுவின் காந்தத் திசை) கீழ்நோக்கியும் வெளியே உள்ளவை மேல்நோக்கியும் நிற்க, இடைப்பட்டவை ஒரே போக்கில் படிப்படியாகத் திரும்ப வேண்டும். அந்த ஒழுங்கு குலைந்த காந்தக் குமிழும் படத்தில் அதே வட்டமாகத்தான் விழும்.

ஹாம்பர்க் முறையின் பலம் இங்கேதான். அங்கே முனைக்கும் காந்தத்தன்மை உண்டு. அதன் ஸ்பின் திசை படலத்தின் ஸ்பின் திசையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைப் பொறுத்து டனலிங் மின்னோட்டம் மாறுகிறது. முனையின் காந்தத்தைப் பரப்பின் பக்கம் சாய்த்தால், ஒவ்வொரு ஸ்கைர்மியானும் பாதி வெளிச்சம், பாதி இருள் எனப் பிரியும். எல்லாவற்றிலும் வெளிச்சம் ஒரே பக்கம் விழுந்தால் சுழற்சிப் போக்கும் ஒன்றே. இதைவிட நேரடியான சான்று இத்துறையில் அரிது.

ஆனால் அதற்குத் தரும் விலை பெரிது: ஏறக்குறைய -269 டிகிரி செல்சியஸ் குளிர், மீஉயர் வெற்றிடம், அணுவளவில் தூய பரப்பு. பாதுகாப்பு உறை போர்த்திய படலங்களிடம் இந்த ஊசியின் ஜம்பம் பலிக்காது. 2015-இல் அதே ஹாம்பர்க்கில் காந்தமற்ற முனையாலும் ஸ்கைர்மியானைக் கண்டறியலாம் என்று காட்டினார்கள். அண்டை ஸ்பின்களின் சாய்வு மின்கடத்தலையே மாற்றுகிறது. வசதிதான், ஆனால் சுழற்சி எந்தப் போக்கில் என்பதை அது சொல்லாது.

அறை வெப்பநிலையில் பெரும்பாலோர் நாடுவது காந்தவிசை நுண்ணோக்கியை. உறைக்கு மேலிருந்தே அளக்கும். சாதாரண ஆய்வகத்திலும் இயங்கும். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இரிடியம், இரும்பு, கோபால்ட், பிளாட்டினம் அடுக்குகளில் அறை வெப்பநிலை ஸ்கைர்மியான்களைப் பற்றி 2017-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்குப் பெரும் பங்குண்டு. குறையும் இதன் இயல்பிலேயே இருக்கிறது. இது ஸ்பின்னை அளப்பதில்லை, படலத்திலிருந்து வெளியே கசியும் புலத்தின் மாற்றத்தை அளக்கிறது. ஒரே புலத்தை வெவ்வேறு ஸ்பின் அமைப்புகள் தரக்கூடும். காந்த முனைக்குப் பதில் வைரப் படிகத்திலுள்ள அணுக் குறைபாட்டை உணரியாக்கி அதே கசிவுப் புலத்தை அளந்த ஹார்வர்ட் குழுவும் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியது. ஸ்பின் அமைப்பை மீட்டெடுக்கக் கூடுதல் அனுமானங்கள் தேவைப்பட்டன. பல அடுக்குப் படலத்தில் மேலடுக்கும் கீழடுக்கும் எதிரெதிர்ப் போக்கில் சுழலவும் கூடும். மேலே நிற்கும் ஊசிக்கு அது எட்டாது.

போதாக்குறைக்கு, காந்த முனை தன் புலத்தாலேயே ஸ்கைர்மியானை இழுக்கும், உருவாக்கும், சிதைக்கும். எழுதும் கருவியாக இது வரம். சாட்சியாக நிறுத்தினால் சந்தேகத்துக்குரியது. அதற்காக இக்கருவியை ஒதுக்க வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வுக்கூடத்தில் முனையை முறையாக அளவுத்திருத்தம் செய்து, புலத்தை எண்ணாகவே பெற்று, கணிப்போடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவு உழைக்க இயலாதோர், குறைந்தபட்சம் அதே இடத்தை இரண்டு உயரங்களில், முனையின் காந்தத்தை ஒருமுறை தலைகீழாக்கியும் வருடி, படங்களைச் சேர்த்தே வெளியிடலாம். அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் நகராமல் நிற்கும் புள்ளியைப் பற்றித்தான் விவாதம் தொடங்க முடியும்.