வெட்டப்பட்ட பாய்

பன் புல்லில் இழைத்த பாயில் செய்த மேசை விரிப்பு ஒன்று கைக்கு வந்தால் முதலில் விளிம்பைப் பாருங்கள். நான்கு பக்கமும் துணிப்பட்டி வைத்துத் தைத்திருக்கும். பாய் இழைக்கிறவர் விளிம்புக்கு வந்ததும் பன்னை மடக்கிப் பின்னலுக்குள்ளேயே செருகி முடித்துவிடுவார். பாய் உழைக்கும் காலம் முழுக்க அந்த விளிம்பும் நிற்கும். இங்கே பட்டி வந்தது, முழுப் பாயை வாங்கிக் கத்தரியால் துண்டு போட்டதால். தையல் ஊசி இறங்கிய வரிசையில் காய்ந்த பன் வெடிக்கிறது. நாளும் துடைத்து எடுக்கிற மேசையில் பட்டி முதலில் கழல்கிறது, பிறகு பின்னல் பிரிகிறது.

மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களின் கைவேலையைத் தற்கால வீட்டுப் பொருளாக மாற்றும் முயற்சிகள் மீது எனக்கு மதிப்பும் உண்டு, மனக்குறையும் உண்டு. இரண்டையும் அந்த விளிம்பிலேயே காண்கிறேன்.

மதிப்பை முதலில் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு பன்பாய்க்குச் சந்தை சுருங்கிவிட்டது. விசைத்தறித் துணி மலிவாக வந்து குவிய, கல்முனைக்கு வடக்கே மருதமுனையின் கைத்தறிகளும் தடுமாறின. 2004 சுனாமி அந்த ஊரை மிக மோசமாகத் தாக்கியது. இந்த நிலையில் குஷன் உறை, திரைச்சீலை, மேசை விரிப்பு, விளக்குக்கூடு என்று யாரோ கேட்டு வந்தது சிறிய காரியமில்லை. யுத்தத்தில் கணவனை இழந்து, குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் வாழும் மாவட்டம் மட்டக்களப்பு. வீட்டு விறாந்தையில் இருந்தபடி கையில் காணும் காசின் பெறுமதியைக் கொழும்பிலிருந்து அளக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. பாயின் கடுஞ்சிவப்பும் பச்சையும் ஈரம் பட்டால் மேசைத்துணியில் இறங்கிவிடும். நிறம் இறங்காத பாய் வேண்டும் என்று வாங்குகிறவர் கேட்டால்தான் சாயம் காய்ச்சுகிற பானையில் திருத்தம் வரும். அந்தக் கேள்வி வெளியிலிருந்து வந்தது, நியாயமாகவே வந்தது.

குறை எங்கே என்றால், வடிவமைப்பு பொருளின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. அளவு, நிறம், எண்ணிக்கை மூன்றும் ஊருக்கு வருகின்றன. பின்னலைப் பற்றியோ நூலைப் பற்றியோ யாரும் பேசுவதில்லை. சேலைக்கும் சாரத்துக்கும் ஓட்டுகிற மெல்லிய பாவு, ஆள் இருந்து எழும்பும் கதிரையின் உராய்வைத் தாங்காது. தடித்த முறுக்குநூல் வேண்டும், நெருக்கமான நெசவு வேண்டும், அதற்கேற்ற அச்சும் வேண்டும். பாயும் அப்படித்தான். படுப்பதற்காக இறுக்கி இழைத்த பாயை வளைத்து மின்குமிழைச் சுற்றிக் கட்டினால் வெளிச்சம் மேலும் கீழும் மட்டும் கொட்டும். கூடு இருண்டே கிடக்கும். விளக்குக்கென்று இடைவெளி விட்டு இழைக்கும் பின்னல் தனியாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டும். பழைய மின்குமிழின் சூட்டில் பன் கருகும் என்ற பயம் எல்ஈடி வந்தபின் பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பின்னலைத் தேடிப் பார்க்க ஒரு பெண்ணுக்குச் சில வாரம் வேண்டுமே, அந்த வாரங்களுக்குக் கூலி எங்கே?

நூல் மட்டத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் இந்த நாட்டில் இல்லாமலில்லை. 1964இல் பெயார்ஃபூட் கைத்தறி நிறுவனத்தைத் தொடங்கிய பார்பரா சன்சோனி, வத்தளையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவு நிலையத்தில்தான் நிறங்களைக் கோக்கத் தொடங்கினார். எந்த நிறத்துக்கு அருகே எந்த நிறம் என்பதைத் தறிக்கு ஏறும் முன்பே தீர்மானித்தார். 2022இல் அவர் காலமானபோது அந்தத் துணி ஒரு நாட்டின் அடையாளமாகவே ஆகியிருந்தது. ஆனால் அங்கும் நிறம் பார்த்தது ஒருவரின் கண், நெய்தது பலரின் கை. அந்தப் பிரிவினையை அப்படியே இங்கு கொண்டுவந்து நட்டால் போதும் என்று நான் நினைக்கவில்லை.

வேறொரு வழியும் உண்டு. 1951இல் சிற்பி இசாமு நொகுச்சி ஜப்பானின் கிஃபு நகரத்துக்குப் போனார். ஊரின் காகித விளக்குத் தொழில் அப்போது நலிந்துகொண்டிருந்தது. அதற்குப் புத்துயிர் கொடுக்கும்படி நகரத் தலைவர் அவரைக் கேட்டார். மூங்கில் நார், காகிதம், மடக்கினால் தட்டையாகும் கட்டமைப்பு எல்லாமே அந்த ஊர்ப் பட்டறையினுடையவை. நொகுச்சி உருவத்தை மாற்றினார், மின்குமிழை உள்ளே வைத்தார். அகாரி எனப்படும் அந்த விளக்குகள் இன்றும் அங்கேயே செய்யப்படுகின்றன. விளக்கை யாரும் வெட்டவில்லை என்பதை நான் முக்கியமாகக் கவனிக்கிறேன்.

மரபில் எதை, யார் மாற்றுவது என்ற இந்த விவாதம் மட்டக்களப்புக்குப் புதிதுமல்ல. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனையில் படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். கூத்துக்குப் பெருமதிப்புக் கிடைத்தது. சுற்றிவர இருந்து பார்க்கும் வட்டக்களரி போனது, விடியவிடிய நீளும் ஆட்டம் சுருங்கியது. பிறகு நாடகத்துறையைச் சேர்ந்த சி. ஜெயசங்கரும் சீலாமுனை ஊர்க் கூத்தர்களும் கூத்து மீளுருவாக்கம் என்று தொடங்கி, எதை மாற்றுவது என்பதை ஆடுகிறவர்களே இருந்து பேசித் தீர்மானிக்கும் வழியை முன்வைத்தார்கள். இரண்டு வழிகளையும் பற்றி நாங்கள் பல ஆண்டுகளாகச் சண்டை பிடிக்கிறோம். பாய்க்கும் தறிக்கும் மட்டும் அந்தச் சண்டையை யாரும் பிடிக்கவில்லை. கைவேலை கலையில்லை, வருமானத்திட்டம் என்று ஒதுக்கிவைத்ததே காரணம் என்பேன்.

இதைவிடப் பெரிய குறை, இந்தப் பொருட்களின் வாடிக்கையாளர் பட்டியலில் வாவிக்கரை வீடு இல்லை. பாசிக்குடா ஹோட்டல் அறைக்கும் கொழும்புக் கடைக்கும் சிந்திக்கிறோம். வாவிக்கு மேற்கே படுவான்கரையின் தாழ்ந்த வளவுகளில் மாரிக்கு வெள்ளம் வீட்டுக்குள் ஏறுகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. மரத்தூள் பலகையில் செய்த அலுமாரி ஒருதரம் நனைந்தால் அடி உப்பி, திருகாணி பிடிக்காமல் போய்விடும். முதிரைச் சோபாவைத் தூக்கி வைக்க நாலு பேர் வேண்டும், வாங்குவதற்கோ பலருக்கு வழியில்லை. மிஞ்சுவது பிளாஸ்டிக் கதிரை. வந்தவரை மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்களே, அந்தப் பாய்தான் வெள்ளத்துக்கு ஏற்ற தளபாடம்: சுருட்டிக் கூரை வளையில் செருகினால் தண்ணீர் தொடாது. ஆனால் முழங்கால் நோவோடு நிலத்தில் இருக்க முடியாத அம்மாவுக்குப் பாய் உதவாது. தண்ணீர் வடிந்ததும் கழுவிக் காயவைக்கக்கூடிய, ஒருவரே தூக்கி மேலே வைக்கக்கூடிய, இருக்கைக்குப் பன் இழைத்த ஒரு வாங்கு அவருக்கு வேண்டும். கெட்டியான வடிவமைப்புக் கேள்வி இது. குஷன் உறையை விடக் கடினமானது.

இதற்கு ஆட்களும் இடமும் உண்டு. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய வடிவமைப்பு நிலையம் இருக்கிறது. மட்டக்களப்பின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புல, தொழில்நுட்பக் கலைகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. பாய் இழைக்கிற ஒருவரையும் மருதமுனை நெசவாளர் ஒருவரையும் அங்கே சம்பளத்தோடு ஆசிரியர்களாக இருத்தலாம். ஓடர் எழுதுகிறவர்கள் மாதிரிக்கு ஆகும் நாட்கூலியை முதல் வரியில் எழுதட்டும், அது பிழைத்துப்போன மாதிரியாக இருந்தாலும். மேசை விரிப்பு வேண்டுமென்றால் அந்த அளவிலேயே, நான்கு விளிம்பும் மடக்கி இழைத்துத் தரும்படி கேட்கட்டும். விலை கூடும். கூடிய விலை இழைத்த கைக்கே போகிறது என்று வாங்குகிறவருக்கு எழுதிக் காட்டுவது கடைக்காரரின் வேலை.