அங்குலிமாலனும் ‘சைக்கோ’த் திரைப்படமும்

அச்சம் பிறத்தற்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார் தொல்காப்பியர். பேயுந் தெய்வமும் முதலாய அணங்கு ஒன்று, கொடுவிலங்கு ஒன்று, தீத்தொழில் புரியுங் கள்வர் ஒன்று, நான்காவது, தமக்கு மேலாயினார். இந்நான்காவதனுள் தந்தையையும் அரசனையும் மட்டுமன்றி ஆசிரியனையும் அடக்கினர் உரைகாரர். பிரம்பு பிடித்த கையினர்க்குச் சிறிது உறுத்தும் உரையே இது. எனினும், மிஷ்கின் இயக்கி 2020 ஆம் ஆண்டு தைத்திங்களில் வெளிவந்த ‘சைக்கோ’ என்னுந் திரைப்படத்தை அளத்தற்கு இதனினுஞ் சிறந்த கோல் கிடைப்பது அரிது.

கோயம்புத்தூரிற் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கவரப்படுகின்றனர். கொலைஞன் தலையைத் தன்பால் வைத்துக்கொண்டு உடலைப் பொதுவிடத்தில் இட்டுச் செல்கின்றான். அவன் கைப்பட்ட தாகினி என்னும் வானொலி அறிவிப்பாளரைத் தேடிப் புறப்படுபவன், அவள்பால் அன்புடைய கௌதமன். கண்ணொளி இல்லாத இசைவாணன். அவனுக்குத் துணை, உடலியக்கம் இழந்த முன்னாட் பொலிஸ் அதிகாரி கமலா. காணாதவன் வண்டியைச் செலுத்த, நடவாதவள் வழி சொல்லும் காட்சி நம்பத்தக்கதன்று. ஆயினும் மனத்தை விட்டகலாதது. பொலிசாரின் மடமை பற்றிப் பலர் குறைகூறினர். கட்டுக்கதையெனக் கொண்டார்க்கு அது பெருங்குறையன்று. இளையராசாவின் இசையோ படத்தைப் பல இடங்களிலே தாங்கி நிற்கின்றது.

குருதியின் மிகுதி வேறு செய்தி. இதே பெயரில் ஹிச்கொக் 1960 இல் ஆக்கிய படம் கறுப்பு வெள்ளையிலானது. அதன் குளியலறைக் கொலையில் நீரோடு கலந்தோடியது சொக்கலேற் பாகேயாம்; கத்தி உடலிற் பாய்வதைக் காண்போர் தம் உள்ளத்தாலேயே பெரிதும் நிரப்பிக் கொள்ளுகின்றனர். மிஷ்கினோ தலையற்ற உடலை மீண்டும் மீண்டும் முன்னிறுத்துகின்றார். முதற்காட்சி தந்த அச்சம் இடையிலே இளிவரலாகத் திரிந்து, கண் பழகியபின் அதுவும் மழுங்குகின்றது.

கொலைஞனின் பெயர் அங்குலி. நாயகனின் பெயர் கௌதமன். மச்சிம நிகாயத்து அங்குலிமாலன் கதையே படத்துக்குக் கரு. அக்கதைக்கெழுந்த உரைவழக்கில், தக்கசீலத்து ஆசான் பிறர் கோட்சொல்லை நம்பி ஆயிரம் விரல்களைக் காணிக்கையாகக் கேட்டதனாலேயே நன்மாணாக்கன் கொலைஞனாகின்றான். படத்திலும் அங்குலியைக் கெடுத்தது, ஒழுக்கத்தின் பெயரால் ஓர் ஆசிரியை இளமையில் இழைத்த கொடுமையே. உரைகாரர் சுட்டிய நான்காம் அச்சம் ஈண்டுக் கண்கூடாகின்றது. படம் முழுவதிலும் ஓடிய குருதி செய்யாததை இவ்வகுப்பறை நினைவு செய்துவிடுகின்றது. ‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லிப் பழகிய நம் பள்ளிக்கூடங்கள் இப்பகுதியைத் தள்ளிவிட்டுப் போதல் எளிதன்று.

ஆயின் பழங்கதை கூறிய பிறிதொன்றைப் படம் கைவிட்டது. அங்குலிமாலனால் ஊர்கள் பாழாயினவென மக்கள் அரண்மனை வாயிலிற் கூக்குரலிட, மன்னன் பசேனதி குதிரைப்படையோடு புறப்படுகின்றான். துறவியானபின்னும் பிச்சைக்குச் சென்ற அங்குலிமாலன்மேல் மண்கட்டியும் தடியும் கல்லும் வீழ்கின்றன. தலை உடைந்து, பாத்திரம் சிதைந்து, ஆடை கிழிந்து அவன் மீள, புத்தர் அதனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுகின்றார், துடைத்துவிடவில்லை. கொன்றவனுக்கு அருள் உண்டு. கொல்லப்பட்டோரின் கணக்கும் உண்டு.

‘சைக்கோ’வில் தாகினி கொலைஞன்மேற் கொள்ளும் இரக்கத்தைப் படமுந் தனதாக்கிக் கொள்கின்றது. தாகினி உயிரோடிருப்பவள், இரங்க அவளுக்கு உரிமையுண்டு. தலையிழந்த ஏனைப் பெண்களோ பெரும்பாலும் உடலங்களாகவே வந்து போகின்றனர். அவர்தம் பெற்றார் வாயிலிற் படம் நீடித்து நிற்கவில்லை. 1983 முதல் 2009 வரை போரினுள் வாழ்ந்த யாழ்ப்பாணத்தார்க்கு இக்குறை எளிதிற் புலப்படும். சேலைக் கரையையோ காப்பையோ கொண்டு தம் பிள்ளையை அடையாளங்கண்ட தாயர் இன்றும் இம்மண்ணில் உளர். உடலம் ஒன்று திரையில் தோன்றும்போது இது யார் பெற்ற பிள்ளை என்றே அவர் முதலிற் கேட்பர். அங்குலியின் இளமையைத் துருவித் துருவி வினவிய மிஷ்கின், அந்த ஒரு வினாவுக்கு இடம் வைக்கவில்லை.