அகலத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

நிலக்காட்சி எடுக்க ஆசைப்படுகிறவர்கள் கேமராவோடு வந்த 18-55 லென்ஸுக்கு அடுத்தபடியாகத் தேடுவது பெரும்பாலும் ஒரு வைட் ஆங்கிளைத்தான். கிராப் சென்சர் கேமராவும் அளவான பணமும் உள்ளவர்களின் கண், கேனான் என்றால் 10-18 மீதும் நிக்கான் என்றால் 10-20 மீதும் விழும். இரண்டுக்கும் ஒரே வசை: அப்பெச்சர் எஃப்/4.5-க்கு மேல் திறக்காது, மவுண்ட் பிளாஸ்டிக். கடன் வாங்கியாவது எஃப்/2.8 உள்ள டோக்கினா 11-16 வாங்கு என்று அறிவுரை வரும்.

நிலக்காட்சிக்கு இந்த அறிவுரை பொருந்தாது. பாறையையும் மலையையும் கேமராவை ட்ரைபாடில் வைத்து எஃப்/8, எஃப்/11-இல்தான் எடுக்கிறோம். 10 மி.மீ.-இல் எஃப்/8 வைத்து முக்கால் மீட்டரில் ஃபோகஸ் செய்தால், அரை மீட்டருக்குள் கிடக்கும் கல்லிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக விழும். அங்கே எஃப்/2.8-க்கு வேலையே இல்லை. பால்வீதி எடுக்கிறவர்களுக்கு அது அவசியம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஆடாத ட்ரைபாட் ஒன்று வாங்கலாம். 2014-இல் 299 டாலருக்கு வந்த கேனான் 10-18-இன் எடை 240 கிராம்தான். மலையேறுகிறவருக்கு இதுவும் ஒரு பெரிய ஆதாயம்.

இந்த லென்ஸின் உண்மையான சிக்கல் வேறு. 18 மி.மீ.-இல் சுமார் 74 பாகை தெரியும், 10 மி.மீ.-இல் 107 பாகை. அகலம் கூடக் கூடத் தூரத்துப் பொருள் சிறுக்கும். நாகர்கோவில் பக்கம் வயல்வரப்பில் நின்று மேற்குத் தொடர்ச்சி மலையை 10 மி.மீ.-இல் எடுத்துப் பாருங்கள். 18-இல் தெரிந்த மலை ஏறக்குறையப் பாதி உயரத்துக்குக் குறுகி, மேலே வெறும் வானமும் கீழே வெறும் பச்சையுமாகப் படம் பிளந்துபோகும். அதே லென்ஸை முட்டம் கடற்கரைக்குக் கொண்டுபோய், முழங்கால் உயரத்தில் கேமராவை வைத்து, ஈரப்பாறை ஒன்றை லென்ஸை இடிக்கிற மாதிரி நெருங்குங்கள். பாறையின் வெடிப்பு சட்டகத்தின் அடியில் தொடங்கி, வடிந்து போகும் அலையோடு சேர்ந்து பார்வையைக் கடலுக்குள் இழுத்துப் போகும். முன்னால் நெருங்க ஒரு பொருள் இருந்தால்தான் வைட் ஆங்கிள் பேசும். சற்றே கீழே சாய்த்தாலும் ஓரத்துத் தென்னைகள் கோணலாகிவிடும் என்ற தொல்லை தனி.

செலவில்லாத மாற்று ஒன்று உண்டு. கிட் லென்ஸை 18-இல் வைத்து, கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பி, மூன்றில் ஒரு பங்கு மேற்படியும்படி மூன்று படம் எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஹ்யூகின் மென்பொருளில் ஒட்டினால், 10 மி.மீ. தரும் கிடைமட்ட அகலம் கிடைத்துவிடும். விவரமும் கூடுதல். ஆனால் அலை அசைகிறது, கதிர் காற்றில் ஆடுகிறது. கிட்டத்தில் பாறை இருந்தால், ட்ரைபாடில் கேமராவைச் சரியான புள்ளியில் வைத்துச் சுழற்றாதவரை ஒட்டு பிசகும். ஆக, ஒட்டுப்படம் நன்றாக வருகிற தூரத்து மலைக்கு வைட் லென்ஸ் பெரும்பாலும் தேவையில்லை. லென்ஸ் உண்மையிலேயே தேவைப்படுகிற பாறைக் கரையில் ஒட்டுப்படம் சொதப்பும். இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வழக்கமாகப் போகும் இடம் எந்த வகை என்று பாருங்கள். மலையும் சமவெளியும்தான் என்றால், அதே பணத்துக்கு 55-250 டெலி லென்ஸ் வாங்குவது மேல். சந்தேகம் இருந்தால் முதலில் ஃபோனின் அல்ட்ரா வைடில் எடுத்துப் பாருங்கள். பல ஃபோன்களில் அதன் அகலம் ஏறக்குறைய 10 மி.மீ. லென்ஸின் அளவுதான்.

வாங்குவது என்று முடிவானால் செகண்ட் ஹேண்டே போதும், சோதித்து வாங்க வேண்டும். பின்பக்கமிருந்து டார்ச் அடித்தால் உள்ளே சிலந்தி நூல் போலப் படர்ந்த பூஞ்சை தெரிந்துவிடும்; நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது சகஜம். பிறகு தொடுவானத்தையோ நீண்ட செங்கல் சுவரையோ நேராக வைத்து, 10 மி.மீ.-இல் அப்பெச்சரை முழுதாகத் திறந்து ஒரு படம் எடுத்து, இரண்டு ஓரங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் மங்கலாக இருந்தால் கவலையில்லை, எஃப்/8-இல் தேறிவிடும். ஒரு பக்கம் மட்டும் குழைந்திருந்தால் உள்ளே கண்ணாடி இடம் பிசகியிருக்கிறது. என்ன விலைக்குத் தந்தாலும் அந்த லென்ஸ் வேண்டாம்.