உலாவிப் பாடங்களும் குன்றக் கூறலும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தென வகுத்தார் பவணந்தியார். அவற்றுள் முதலாவது குன்றக் கூறல். இணைய உலாவியைக் கையாளக் கற்பிக்கும் படிப்படிப் பாடங்களை அவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தால், முதற் குற்றமே முன்வந்து நிற்கிறது.

'இதனை அழுத்துக; பின் அதனைச் சொடுக்குக' என இவை ஏவலாகவே நடக்கும். முதுமையிற் சுட்டியைப் பற்றுவார்க்கு அச்சம் போக்க இம்முறை நன்றே, மறுப்பதற்கில்லை. ஆயினும் படி மாறினால் ஏறியவர் கதி என்ன? 'வலப்புற மூலையில் மூன்று கோடுகளை அழுத்துக' என்பது பாடம். ஃபயர்பாக்சில் அவை கோடுகள். குரோமிலோ மூன்று புள்ளிகள். உலாவியின் அமைப்புகள் அடங்கிய பட்டியல் அங்குள்ளது என்று ஒரு வரி சொல்லியிருந்தால், கற்பவர் புள்ளியைக் கண்டும் கோட்டைத் தேடியிரார். ஒரு பாடத்தில் 'தாவல்' எனப்படுவது மற்றொன்றில் 'கீற்று' ஆவது மயங்க வைத்தல்; அது தனிக்கதை.

பெருங்கேடு விளைப்பது பூட்டுப் பாடமே. முகவரியருகே பூட்டுப்படம் இருப்பின் அத்தளத்தை நம்பலாம் என்று பல பாடங்கள் கூறிவிட்டன. பூட்டு உணர்த்துவது ஒன்றே: உலாவிக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியை வழியிலுள்ளோர் படிக்க இயலாது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அஃது உணர்த்தாது. கள்வனும் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடுவான் அன்றோ! வங்கியின் பெயரில் ஓரெழுத்தை மாற்றிப் போலித்தளம் அமைப்போரும் இதனைச் செலவின்றிப் பெறலாம். இம்மயக்கம் கண்டே கூகுள் நிறுவனம் 2023இல் குரோமின் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டை நீக்கி வேறு குறியை வைத்தது. பழம் பாடம் பயின்றவரோ, அங்கே பூட்டைக் காணாது நல்ல தளத்தை ஐயுறுவார்; வேறோர் உலாவியிற் பூட்டைக் கண்டு போலித்தளத்திற் சேமிப்பை இழப்பார்.

கற்பிக்க வேண்டுவது முகவரியைப் படிக்கும் முறை. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பெயரை வலமிருந்து இடமாகப் பிரித்தறிதல் வேண்டும். சிங்கப்பூர் அரசுத் தளங்கள் 'ஜிஓவி', 'எஸ்ஜி' என்னும் இரு கூறுகளால் முடிவன. அக்கூறுகள் நடுவே வந்து, வேறோர் ஈறு பின்னே நிற்குமாயின் அத்தளம் அரசினது அன்று. பகுபதத்தைப் பகுதி விகுதியெனப் பிரித்துக் காட்டிப் பழகிய தமிழாசிரியர்க்கு இதனைக் கற்பிக்க ஒரு கரும்பலகையும் அரை மணி நேரமும் போதும்.