கடைசி வண்டியைப் பாருங்கள்

“ஞாயிற்றுக்கிழமை எட்டு வண்டி சேர்ந்து கொல்லிமலை போகிறோம், வாருங்கள்” என்று யாரை அழைத்தாலும் எனக்கு இரண்டே பதில்கள்தான் கிடைக்கின்றன. “ரேஸ் எல்லாம் நமக்கு ஒத்துவராது சார்” என்பது ஒன்று. “அதெல்லாம் பெரிய வண்டிக்காரங்க சமாச்சாரம்” என்பது இன்னொன்று. சொல்கிறவர்கள் காரைப் பிடிக்காதவர்களா என்றால், இல்லை. புது மாடல் வந்தால் முதல் வாரமே ஷோரூமில் போய் நிற்கிறவர்கள், இன்ஜின் சத்தத்தை வைத்தே வண்டியின் பெயரைச் சொல்கிறவர்கள். ஈசிஆரில் விடிகாலையில் காதைக் கிழித்துக்கொண்டு போகும் நாலு வண்டிகளைப் பார்த்துவிட்டு, குரூப் டிரைவ் என்றால் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு நல்ல காலையை இவர்கள் வருடக்கணக்காக இழந்துகொண்டிருக்கிறார்கள்.

வேகம் வேண்டுமா? இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, எதிரே பால் வண்டி வராத சாலையில், ஆசை தீர ஓட்டலாம். பொதுச்சாலையில் பந்தயம் விடுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189வது பிரிவுப்படி குற்றம். குரூப் டிரைவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெரிய வண்டி வேண்டும் என்பதும் பொய். பழைய வேகன் ஆர் ஒன்று எங்களோடு வரும். மலையில் அதைவிட ஒழுங்காக ஏறும் வண்டி அந்த வரிசையில் இருக்காது. காரணம், அதை ஓட்டுகிறவர்.

அடிப்படை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு வண்டிக்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். முந்தின நாளே டேங்க் நிரப்புங்கள், டயர் ஆறியிருக்கும்போது காற்று பாருங்கள், ஸ்டெப்னியிலும் பாருங்கள். எல்லோருடைய செல்போன் எண்ணும் ஒரே தாளில் எழுதி எல்லோரிடமும் இருக்கட்டும். டோல்கேட்டில் வரிசை கட்டாயம் உடையும். அங்கே பதறாமல், தாண்டியபின் வரும் முதல் பெட்ரோல் பங்க்கில் சேர்ந்துகொள்ளுங்கள். சாலையோரத்தில் எட்டு வண்டியை நிறுத்துவதை மறந்துவிடுங்கள். நல்ல கழிப்பறை எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைக்காதவர் குழுவை நடத்தத் தகுதியற்றவர், குடும்பத்தோடு வருகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. கிளம்புமுன் பத்து நிமிடம் எல்லோரும் வண்டியை விட்டு இறங்கி நின்று பேசுங்கள். இரவு குடித்தவர் காலையில் ஓட்டக் கூடாது. இவ்வளவுதான். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அல்லது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

தெரியாதது வேறு. அதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

எட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்த்தால் எல்லாக் குழுக்களும் ஒரே மாதிரிதான் தெரியும். உண்மையில் குழுக்கள் இரண்டே வகை. முன்னே பார்க்கிற குழு ஒன்று, பின்னே பார்க்கிற குழு இன்னொன்று. முதல் வகையில் ஒவ்வொருவரும் முன்னால் போகும் வண்டியைத் தவறவிடக் கூடாது என்று ஓட்டுகிறார்கள். இரண்டாவது வகையில் ஒவ்வொருவரும் பின்னால் வரும் வண்டியைத் தவறவிடக் கூடாது என்று ஓட்டுகிறார்கள். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்தான். விபத்தும் சண்டையும் சலிப்பும் முதல் வகையில் பிறக்கின்றன. நான் சொல்லும் ரசனை முழுக்க இரண்டாவது வகையில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் இடையே மூன்று வினாடி இடைவெளி விட்டால் முதல் வண்டிக்கும் எட்டாவது வண்டிக்கும் நடுவே சுமார் 350 மீட்டர். அதாவது முதல் வண்டி ஊரைத் தாண்டி வயல்வெளிக்கு வந்தபோது கடைசி வண்டி இன்னும் கடைத்தெருவில், வேகத்தடைக்கு முன்னால், ஓர் ஆட்டோவின் பின்னால் நிற்கிறது. முதல் வண்டிக்காரர் “சாலை காலியாகிவிட்டது” என்று 80க்குப் போகிறார். அந்த வேகத்தில் அரை நிமிடத்தில் 650 மீட்டருக்கு மேல் போய்விடுவார். கடைசி வண்டிக்காரர் வரிசையைப் பிடிக்க வேண்டுமானால் 100க்கு மேல் அடிக்க வேண்டும். முன்னால் போகிறவருக்குத் தான் நிதானமாக ஓட்டியதாகத்தான் நினைப்பு. மதியம் சாப்பிட உட்காரும்போது முதல் மூன்று பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், கடைசி மூன்று பேர் முகம் வெளுத்து, பேச்சின்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். முன்னே பார்க்கிற குழுவை அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

முந்தும் இடத்தில் இது இன்னும் மோசம். முதல் வண்டி ஒரு பஸ்ஸை முந்துகிறது. அவர் பார்த்தது அவருக்கான காலிச் சாலை. இரண்டாவது ஆள் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிறார். மூன்றாவது ஆள் எதிர்ச்சாலையைப் பார்ப்பதேயில்லை, இரண்டாவது வண்டியின் டிக்கியைத்தான் பார்க்கிறார். எதிரே லாரி வருகிறது. முந்துவதற்கு முன்னால் போனவர் தரும் அனுமதி எதற்கும் உதவாது. தன் கண்ணால் பார்த்து, தன் வண்டியின் இழுவையைக் கணக்கிட்டு, தான் முடிவெடுக்க வேண்டும். முடியாவிட்டால் பஸ் பின்னாலேயே பத்து கிலோமீட்டர் போகலாம். முன்னால் போனவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருப்பார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒருவரால் அப்படிப் போக முடியும். அந்த நம்பிக்கையைப் பின்னே பார்க்கிற குழுவால் மட்டும்தான் தர முடியும்.

அந்தக் குழுவுக்கு விதி ஒன்றே ஒன்று. உங்களுக்குப் பின்னால் வரும் வண்டிக்கு நீங்கள் பொறுப்பு. கண்ணாடியில் அது சிறுத்தால் நீங்கள் குறையுங்கள். நீங்கள் குறைத்தால் உங்களுக்கு முன்னால் இருப்பவர் தன் கண்ணாடியில் உங்களைப் பார்த்துக் குறைப்பார். இப்படியே முதல் வண்டி வரை செய்தி போய்ச் சேரும். வாக்கிடாக்கி வேண்டாம், போன் வேண்டாம். மலையில் சிக்னல் அறுந்துபோனாலும் இந்தச் சங்கிலி அறுவதில்லை. ஒரு சாலையிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்புகிறீர்களா? பின்னால் வருகிறவர் நீங்கள் திரும்புவதைப் பார்க்கும் வரை ஓரமாக நில்லுங்கள், பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் கிளம்புங்கள். யாரும் வழி தவற முடியாது. எட்டு பேரில் ஏழு பேருக்கு வழியே தெரியாவிட்டாலும் தவற முடியாது.

இந்த விதியை ஏற்றுக்கொண்டால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. வலுக்குறைந்த வண்டியும் புதியவரும் இரண்டாவது இடத்தில், தலைவருக்கு நேர் பின்னால் வர வேண்டும். புதியவர்கள் கூச்சப்பட்டுக் கடைசியில் போய் ஒட்டிக்கொள்வார்கள், விடாதீர்கள். பெரிய இன்ஜின் வைத்திருப்பவர்களைப் பின்னால் தள்ளுங்கள். அவர்களுக்குப் பிடித்து வருவது எளிது. குழுவிலேயே மிகச் சிறந்த ஓட்டுநரைக் கடைசியில் வையுங்கள். தேரோட்டத்தில் வடம் பிடிக்கிறவர்களுக்குத்தான் கூட்டமும் கோஷமும், ஆனால் தேர் நிலைக்கு வந்து சேருவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரின் கையில் இருக்கிறது. கடைசி வண்டிக்காரரின் வேலையும் அதுதான். பஞ்சர் ஆனவர், குழந்தை வாந்தி எடுத்ததால் நிறுத்தியவர், பயந்துபோனவர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருகிறவர் அவர். அவரைத் தாண்டிப் பின்னால் யாரும் இல்லை என்பதுதான் மொத்தக் குழுவின் நிம்மதி.

இதெல்லாம் மலையேறும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அடுக்கடுக்காக, ஒன்றின் தலைக்குமேல் ஒன்று. மேலடுக்குக்கு வந்ததும், அடுத்த வளைவு வருவதற்குள், பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். மரங்களுக்கு நடுவே மூன்றாவது வண்டி ஓர் அடுக்கில், ஐந்தாவது வண்டி அதற்குக் கீழ் அடுக்கில், கடைசி வண்டியின் விளக்கு எங்கோ அடியில். எட்டு பேரும் ஒரே இடைவெளியில், ஒரே மூச்சில் ஏறிக்கொண்டிருப்பார்கள். ஒருவர்கூட இன்னொருவரை நெருக்கவில்லை, ஒருவர்கூட விடுபடவில்லை. இதைப் பார்த்துவிட்டு மனம் நிறையாதவரை எனக்குத் தெரியாது.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால், இடதுபக்க வளைவில் பாருங்கள். நாம் இடதுபுறம் ஓட்டுகிறவர்கள், ஆகவே ஏறும்போது இடது வளைவின் உட்புறம் நமக்கு வருகிறது. குறுகலும் செங்குத்தும் அங்கேதான். இரண்டாவது கியரில் திணறித் திரும்புகிறவரும் உண்டு, முன்கூட்டியே முதல் கியருக்கு வந்து சத்தமில்லாமல் எழும்புகிறவரும் உண்டு. மேலேயிருந்து பஸ் இறங்கினால் அதற்கு முழு வளைவும் வேண்டும். மலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்று விதி சொல்கிறது. ஆனாலும் வளைவுக்கு இருபது மீட்டர் கீழேயே நிறுத்தி, பஸ்ஸுக்கு இடம் விட்டு, பின்னால் வருகிறவர்களும் அதே போல நிற்கும்படி ஓட்டுகிறவர் இருக்கிறார் பாருங்கள், அவர்தான் கலைஞர். பஸ் டிரைவர் கையைத் தூக்கிவிட்டுப் போவார். அதற்காகவே நான் அடுத்த வாரமும் கிளம்புவேன். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவரின் வண்டியைக் கருகல் வாசனையே காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது பிடிக்காத விஷயங்கள். பார்க்கிங் விளக்கு நாலையும் சிமிட்டிக்கொண்டே ஓட்டுவது இப்போது ஒரு மோஸ்தர். அதைப் போட்டுவிட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? ஊர்வலம் போகிறோம் என்று ஊருக்கு அறிவிக்கும் ஆசையைத் தவிர அதில் எதுவும் இல்லை. ஒரே நிற டி-சர்ட்டு, கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர், ரீல்ஸுக்காக ஓடும் வண்டியின் ஜன்னலில் உட்காருவது எல்லாமே வெறும் மேல்பூச்சு. வால்பாறை போகும் வழியில் ஆழியாறிலிருந்து 40 வளைவுகள். அங்கே பாறையில் வரையாடு நின்றால், வளைவிலேயே ஐந்து வண்டியை நிறுத்திவிட்டு செல்ஃபிக்கு ஓடுகிற குழுக்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும் இடத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறவர்களும் இவர்கள்தான். இவர்களுக்குக் காரும் பிடிக்காது, மலையும் பிடிக்காது, கேமரா மட்டும்தான் பிடிக்கும்.

ஜீப் வகை வண்டி இல்லாவிட்டால் சாகசமே இல்லை என்கிற புதிய கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. சேற்றில் மாட்டி, கயிறு கட்டி இழுப்பது நல்ல விளையாட்டுதான். ஆனால் அதில் நாள் முழுக்க ஒரு வண்டி விளையாடும், ஏழு வண்டி வேடிக்கை பார்க்கும். “பெட்ரோலை வீணடிக்கிறார்கள்” என்று எழுதும் அறிவுரைக்காரர்கள் வார இறுதியில் எந்த மாலின் பார்க்கிங்கில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மற்றவரின் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளக் கற்றுத் தரும் பொழுதுபோக்கு நம் சாலைகளுக்கு இன்று அவசரத் தேவை. அந்தப் பழக்கம் திங்கட்கிழமை அலுவலகம் போகும்போதும் கூடவே வருகிறது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு முதல் இடத்தில் போகப் பிடிப்பதில்லை. ஏழாவது இடம்தான் பிடிக்கும். முன்னால் ஆறு பேர் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்க்கலாம், கண்ணாடியில் கடைசி வண்டிக்காரர் எனக்கு இடம் விட்டு வருவதையும் பார்க்கலாம். நீண்ட நாள் சேர்ந்து ஓட்டியவர்களின் வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தாலே அவர் களைத்திருக்கிறாரா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாரா என்பதுகூடத் தெரிந்துவிடும். அடுத்த டீக்கடையில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா?” என்று கேட்டிருக்கிறேன். சிலர் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

சென்னைக்காரர்கள் ஏலகிரியில் தொடங்கலாம். பெங்களூர் நெடுஞ்சாலையில் விடிகாலையில் கிளம்பி, வாணியம்பாடி தாண்டித் திரும்பினால், 14 வளைவுகள்தான், வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காட்டின் 20 வளைவுகள் வாசலிலேயே இருக்கின்றன. கொல்லிமலையும் வால்பாறையும் அதற்குப் பிறகு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி வேண்டவே வேண்டாம். வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு குழுவில் சேருவதற்கு முன் நடத்துகிறவரிடம் எத்தனை வண்டி, என்ன வண்டி, சாப்பாடு எங்கே என்றெல்லாம் கேட்காதீர்கள். “கடைசியில் யார் வருகிறார்?” என்று கேளுங்கள். சட்டென்று ஒரு பெயர் வந்தால் போய்ச் சேருங்கள். “அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம் சார்” என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வேறு குழுவைத் தேடுங்கள்.