பழுது என்றும் ரிப்பேர் என்றும்

"இந்தியாவில ஒரு சாமான் பழுதானா எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குவியள். நாங்கள் திருத்தித் திருத்திப் பாவிப்பம்."

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், சம்பந்தி வீட்டுக் கிணற்றடியில் காதில் விழுந்தது இது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கிய மறுநாள். சம்பந்தி குத்திப் பேசவில்லை, தங்கள் வீட்டுப் பழைய வொஷிங் மெசினைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. மங்களூரில் அம்மா சீட்டு எடுத்து வாங்கிய இரட்டைத் தொட்டி மெஷினை அப்போதுதான் பாதி பிரித்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன். அதற்கு வயது முப்பதுக்கு மேல். (கர்நாடகத்து மங்களூர் அல்ல, விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கிற எங்கள் மங்களூர்.)

முதலில் சொற்கள். நாம் துணி துவைக்கிறோம், அவர்கள் உடுப்புத் தோய்க்கிறார்கள். நமக்கு சோப்பு, அங்கே சவர்க்காரம். நமக்குத் துரு, அங்கே கறள். 'பாவிக்கிறது' என்றால் பயன்படுத்துவது. முதல் நாள் யாரையோ 'பாவி' என்று திட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். கெட்டுப்போனால் பழுது, சரிசெய்தால் திருத்துவது. நமக்கோ கெட்டாலும் ரிப்பேர், சரிசெய்தாலும் ரிப்பேர். அவர்கள் பேச்சு தெளிவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் வைத்து இத்தனை காலம் குழப்பமில்லாமல் ஓட்டுவதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டாமா?

ஊர் திரும்பியதும் மிச்ச வேலையில் இறங்கினேன். துவைக்கும் பக்கத்து மோட்டார் உறுமும், சுற்றாது. சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளினால் ஓடும். அப்படியானால் கோளாறு கெப்பாசிட்டரில். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கும் என்பதை என் விரல் அறியும். சக்கரத்தைக் கழற்றினால் அடியில் போர் தண்ணீரின் உப்பு வெள்ளை வெள்ளையாய்ப் பாறை கட்டியிருந்தது. எலுமிச்சை உப்பைக் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்ததில் விட்டது. பிழியும் பக்கம்தான் பாடாய்ப் படுத்தியது. அடியில் இருக்கிற ரப்பர் சீல் தேய்ந்து, தண்ணீர் சொட்டுச் சொட்டாய் மோட்டாரில் இறங்கிக் காயிலே கருகிவிட்டது.

அதைத் தூக்கிக்கொண்டு காயில் கட்டும் கடைக்குப் போனேன். மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற ஊர் எங்களுடையது, கிணற்று மோட்டார் எரியாத மாதம் கிடையாது. அதனால் செப்புக் கம்பி சுற்றத் தெரிந்த கை பக்கத்திலேயே இருக்கும். கடைக்காரர் பழைய சுற்றுகளை எண்ணி, அதே கனத்தில் கம்பி எடுத்து, இரண்டே நாளில் கட்டிக் கொடுத்துவிட்டார். புது மெஷின்கள் பலவற்றில் அலுமினியக் கம்பிதான் வருகிறதாம், இதன் ஆயுளில் பாதிகூட வராது என்றார். தகட்டுக்கு உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட். புது எர்த் கம்பி. பியூஸ் கேரியர் மட்டும் பழசு. விருத்தாசலம் பீங்கான், அதற்கென்ன கேடு!

சம்பந்தி வீட்டு மெசினின் வெளிப்பக்கத்தைத்தான் பார்த்தேன். திறந்து காட்டச் சொல்லியிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை. யாழ்ப்பாணமே சுண்ணாம்புக் கல்மேல் உட்கார்ந்திருக்கிற நிலம், அதன் கிணற்றுத் தண்ணீரும் வெள்ளையாய்ப் படியும். அதற்கு அவர்கள் தேசிக்காய் பிழிகிறார்கள். அதாவது நம் எலுமிச்சை. ஆக வைத்தியம் ஒன்றே.

தயாரிப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. சிங்கர் 1877லேயே இலங்கையில் கடை விரித்த கம்பெனி. பின்னாளில் அங்கே சாமான் செய்யத் தொடங்கிய துணைக் கம்பெனிக்கு 'ரெக்னிஸ்' என்று பெயர்: சிங்கரின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாய் அடுக்கியது. நமக்கு அந்த விளையாட்டெல்லாம் இல்லை. 1980களின் கடைசியில் டிவிஎஸ்ஸும் வேர்ல்பூலும் சேர்ந்து, எங்களுக்கு எட்டும் தூரத்தில் புதுச்சேரியிலேயே வாஷிங் மெஷின் தொழிற்சாலை வைத்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பதில் இல்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, சவர்க்காரமும் அரிது. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்களாம். கொடியில் காயப்போட்டால் வாசனைக்கு மாடு வந்து சப்பிவிடுமாம். சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கைகள் அவை. அதற்கு முன்பும், 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டில் தீவு முழுவதும் பழசைத் திருத்தியே காலம் தள்ளியிருக்கிறது. ஆனால் 1991 வரை வெளிநாட்டுச் சாமான் நமக்கு மட்டும் வாசலில் வந்தா குவிந்தது? அவர்கள் திருத்தியது கிடைக்காததால். அம்மாவின் மெஷினைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கத் தள்ளுபடியோடு கடை கூப்பிடுகிறது, போகாமல் நான் உட்கார்ந்து துரு சுரண்டினேனே, இதற்கும் ஒரு கணக்கு உண்டல்லவா? சம்பந்தியிடம் இதைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் மெஷின் ஓடியது. ஐந்து நிமிடம் பிழிந்து, மூடியைத் திறந்ததும் பிரேக் பிடித்து நின்றது. உடனே சுன்னாகத்துக்குப் போன் போட்டேன்.

"மெஷின் ரிப்பேர் முடிஞ்சுதுங்க!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஐயோ, முடிஞ்சு போச்சோ? அப்ப இனிப் புதுசுதான் வாங்கப் போறியள்."